ஆபரேஷனுக்கு அப்புறமும் வெயிட் ஏறிடுச்சா? ஒளியாதீங்க, டாக்டர்கிட்ட போங்க!

திருக்கழுக்குன்றம் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபம். 2023 ஆவணி மாத முகூர்த்தம். பந்தியில் என் பக்கத்தில் என் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். எதிர் வரிசையில் இருந்த தூரத்து உறவு அத்தை ஒருவர், இலையில் பாயசம் விழுகிற நேரம் பார்த்து, நாலு வரிசைக்குக் கேட்கிற குரலில் கேட்டார்.

"ஏம்மா, லட்சக்கணக்குல செலவு பண்ணி வயித்தைக் குறைச்சுக்கிட்டியே... மறுபடியும் ஏறிடுச்சு போலிருக்கே?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். என் நாத்தனாரின் கை இலையிலேயே நின்றுவிட்டது. அந்த அத்தையை நான் இங்கே திட்டப் போவதில்லை. ஏன் தெரியுமா? காரில் திரும்பி வரும்போது நான் சொன்னது அதைவிட மோசம். "அவங்க கேட்டதுல என்ன தப்பு? வாயைக் கட்டலைன்னா ஆபரேஷன் என்ன பண்ணும்?" என்றேன். அவள் பதிலே பேசவில்லை. செங்கல்பட்டு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் என்ன விலை கொடுத்தாள் என்று எனக்குத் தெரிய ஏழெட்டு மாதம் ஆயிற்று. உங்கள் வீட்டிலும் எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட ஒருவர் இருக்கலாம். அது நீங்களாகவே கூட இருக்கலாம். அதனால்தான் கொஞ்சம் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

2019-ல் அவளுக்குச் சென்னையில் ஆபரேஷன் நடந்தது. அப்போது 112 கிலோ. சர்க்கரை, முட்டி வலி, ராத்திரி மூச்சடைப்பு எல்லாமே இருந்தது. 'ஸ்லீவ்' என்று சொல்வார்களே, இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல நீளமான குழாயாக விடுகிற முறை. ஒன்றரை வருஷத்தில் 72 கிலோவுக்கு வந்தாள். சர்க்கரை மாத்திரை நின்றது. பழைய ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது தெருவே ஆச்சரியப்பட்டது.

நடுவில் 2020-ல் லாக்டவுன் வந்தது. செக்கப்புக்குப் போவது தட்டிப் போனது. அப்புறம் தாம்பரத்தில் ஆபீஸ், தினமும் மின்சார ரயில், வீட்டு வேலை. மூன்று கிலோ ஏறியது, அப்புறம் ஐந்து. 2023-ல் 90.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஒரேயடியாக ஒளிய ஆரம்பித்தாள். விசேஷங்களுக்கு வருவதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ரிவ்யூவுக்குக் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. வைட்டமின் மாத்திரைகளையும் நிறுத்திவிட்டாள். "எடையே திரும்பி வந்துடுச்சு, இனிமே மாத்திரை எதுக்கு அண்ணி?" என்று பின்னால் என்னிடம் சொன்னாள். 2024 கோடையில் இரண்டு பாதமும் மரத்துப் போக ஆரம்பித்தது. செருப்பு கழன்றது கூடத் தெரியவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்தால், பி12 வைட்டமின் அடிமட்டத்தில் இருந்தது. ஹீமோகுளோபினும் குறைவு.

பி12 உடம்பில் சேர இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். இரைப்பையைக் குறைத்தால் அந்தச் சுரப்பும் குறையும். கல்லீரலில் இருக்கிற பழைய சேமிப்பு சில வருஷம் கை கொடுக்கும். அது தீர்ந்த பிறகுதான் வண்டவாளம் தெரியும். ரொம்பத் தாமதித்தால் நரம்புக்கு ஏற்படும் சேதம் நிரந்தரமாகவே தங்கிவிடலாம். 'கொஞ்ச நாளில் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போடுகிற விஷயம் இல்லைங்க இது.

ஏறின 18 கிலோ அவளைப் படுக்க வைக்கவில்லை. டாக்டர் முகத்தில் முழிக்க வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டாளே, அதுதான் படுக்க வைத்தது. அந்த வெட்கத்தைக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி.

இவளுக்கு மட்டுமா?

இல்லவே இல்லை. ஸ்வீடன் நாட்டில் 1987-ல் ஒரு பெரிய ஆராய்ச்சியை ஆரம்பித்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்ட இரண்டாயிரம் பேரையும், செய்துகொள்ளாத ஏறக்குறைய அதே எண்ணிக்கையிலான பருமனானவர்களையும் வருஷக்கணக்கில் கவனித்தார்கள். 'பைபாஸ்' ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் சராசரியாக 32 சதவிகித எடையை இழந்தார்கள். பத்தாவது வருஷத்தில் பார்த்தால், இழப்பு 25 சதவிகிதமாக இருந்தது. அதாவது, 100 கிலோ ஆசாமி 68-க்கு வந்து, அப்புறம் மெதுவாக 75-க்கு ஏறியிருக்கிறார். அந்தக் காலத்து மற்ற ஆபரேஷன்களில் எடை இழப்பு இதைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனாலும் என்ன? ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரண விகிதம் மற்றவர்களைவிடக் குறைவு என்று 2007-ல் அறிவித்தார்கள்.

கால்பந்து வீரர் மரடோனாவை எடுத்துக்கொள்ளுங்களேன். 2005-ல் கொலம்பியாவில் பைபாஸ் செய்துகொண்டு இளைத்தார். உலகமே கை தட்டியது. பத்து வருஷம் கழித்து, 2015-ல் வெனிசுலாவில் மறுபடியும் வயிற்றில் ஆபரேஷன். பணமும் டாக்டர்களும் பயிற்சியாளர்களும் சூழ இருந்த மனிதருக்கே எடை திரும்பி வந்தது. காலையில் ஆறு மணி ரயிலைப் பிடித்து, சாயங்காலம் வந்து அடுப்பைப் பற்ற வைக்கிற நம் வீட்டுப் பெண்ணிடம் "உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

அதுவும் இது ஏதோ நாலு பேர் வீட்டுப் பிரச்னை இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவிகிதம் பேருக்கு அதிக எடை. ஆண்கள் 37 சதவிகிதம். சிரித்தவர்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள்!

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது?

நம் உடம்பு பழைய காலத்துப் பாட்டி மாதிரி. பஞ்சத்தைப் பார்த்தது. எடை இறங்கினால் 'ஐயையோ, பட்டினி வந்துவிட்டது' என்று பயந்துவிடும்.

'கிரெலின்' என்று பசியைத் தூண்டுகிற ஒரு ஹார்மோன் உண்டு. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1999-ல் கண்டுபிடித்தது. இரைப்பையின் மேல்பகுதியில்தான் இது அதிகம் சுரக்கிறது. ஸ்லீவ் ஆபரேஷனில் அந்தப் பகுதியும் போய்விடுவதால், ஆரம்பத்தில் 'பசியே இல்லை' என்பார்கள். வருஷங்கள் போகப் போக, பலருக்குப் பசி மறுபடி எட்டிப் பார்க்கும். இரைப்பைக் குழாயும் கொஞ்சம் விரிந்து கொடுக்கும்.

2011-ல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், ஆபரேஷன் இல்லாமல் வெறும் பத்தியத்தால் இளைத்தவர்களை ஆராய்ந்தார்கள். இளைத்து ஒரு வருஷம் ஆன பிறகும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லையாம். 'சாப்பிடு, சாப்பிடு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தனவாம். உடம்பு இவ்வளவு பிடிவாதமாக இருக்கும்போது, எல்லாப் பழியையும் நாக்கின் மேல் போடுவது என்ன நியாயம்?

அப்படியானால் சாப்பாட்டுக்குப் பங்கே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால், நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. என் நாத்தனார் "நான் சாப்பிடவே இல்லை அண்ணி" என்று அழுதபோது நான் நம்பவில்லை. அவள் சொன்னது பொய்யும் இல்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கிண்ணம் சாதம், அவ்வளவுதான் உள்ளே போகும். உணவு ஆலோசகர் ஒரு வாரத்துக்கு எல்லாவற்றையும் நோட்டில் எழுதச் சொன்னார். அப்போதுதான் தெரிந்தது. நாலு தடவை சர்க்கரை போட்ட காபி, கூட நாலு ரஸ்க், டி.வி. முன்னால் மூன்று கைப்பிடி மிக்சர். சுமாராகக் கணக்குப் போட்டால் 900 கலோரி! இதைத் தவிர, குழந்தை தட்டில் மிச்சம் வைத்தது வேறு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆபரேஷன் ஆன வயிற்றில் கோழிக்கறியோ சப்பாத்தியோ இறங்கக் கஷ்டப்படும், நெஞ்சை அடைக்கும். காபியில் நனைத்த ரஸ்க், ஐஸ்கிரீம், கூல் டிரிங்க்ஸ், வாயில் கரைகிற முறுக்கு எல்லாம் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். எது சுலபமாக இறங்குகிறதோ அதன் பக்கம் கை தானாகப் போகிறது. சின்ன வயிறு, பெரிய சாப்பாட்டைத்தான் தடுக்கும். நாள் முழுக்கக் கொறிப்பதைத் தடுக்காது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் ஒரு கணக்குப் போடுங்க. 112-லிருந்து 90 என்றால், இன்னமும் 22 கிலோ குறைவாகத்தான் இருக்கிறாள். "எல்லாம் போச்சு" என்பது தப்புக் கணக்கு. இந்தக் கணக்கை மனசில் வாங்கிக்கொண்டு, கீழே உள்ளதை வரிசையாகச் செய்யுங்க.

* பழைய ஃபைலைத் தூசி தட்டி, ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்க. அவர் திட்டினால் வேறு டாக்டரிடம் போங்க. போகாமல் மட்டும் இருக்காதீங்க. ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, பி12, வைட்டமின் டி, கால்சியம், தைராய்டு, சர்க்கரை... வருஷம் ஒரு தடவையாவது இந்தச் சோதனைகள் தேவை. எடை ஏறினாலும் இறங்கினாலும் வைட்டமின் மாத்திரை ஆயுசு முழுக்க உண்டு. இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒன்றாக விழுங்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்க.

* எடை ஏற மருந்தும் காரணமாக இருக்கலாம். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் முழுசாகச் சொல்லுங்க. நீங்களாக எதையும் நிறுத்தாதீங்க. தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி செய்து, வயிற்றின் அமைப்பில் கோளாறு இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

* தட்டில் முதல் வாய் புரதமாக இருக்கட்டும். ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். இரண்டு முட்டை 12 கிராம், 100 கிராம் மீன் 20 கிராம், ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 14, கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம் 8, ஒரு கிண்ணம் தயிர் 6. கூட்டிப் பாருங்க, 60 வந்துவிட்டது! ஒரே வேளையில் இறங்காது. ஐந்து வேளையாகப் பிரிச்சுக்குங்க. சைவக்காரர்கள் மீனுக்குப் பதில் பனீர், முட்டைக்குப் பதில் சோயா சேர்க்கலாம். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கடற்கரையை வைத்துக்கொண்டு, நமக்குப் புரத மாவு டப்பாவே கதி என்று இருக்க வேண்டுமா என்ன? சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி எது கிடைத்தாலும் குழம்பாக வையுங்க. எண்ணெயில் முக்கி எடுக்காதீங்க.

* சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். சாப்பிட்டு அரை மணி கழித்துக் குடிங்க. இருபது நிமிஷமாவது மென்று சாப்பிடுங்க. காபியில் சர்க்கரையைக் குறையுங்க. மதுப் பழக்கம் உள்ள ஆண்களுக்கு ஓர் எச்சரிக்கை: இந்த ஆபரேஷனுக்குப் பிறகு போதை சீக்கிரம் ஏறும், பழக்கம் அடிமைத்தனமாகும் ஆபத்தும் கூடும்.

* நடங்க. கொளவாய் ஏரிக் கரையோ, மாமல்லபுரம் கடற்கரையோ, மொட்டை மாடியோ, எதுவானாலும் சரி. 2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்தது. முதல் நாளே எட்டும் வேண்டாம், ஒன்றில் ஆரம்பிக்கலாம். வாரம் இரண்டு நாள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்கியாவது தசைக்கு வேலை கொடுங்க.

இந்தப் பக்கம் மட்டும் போகாதீங்க!

'ஐந்தே நாளில் வயிறு பழையபடி சுருங்கும்' என்று ஒரு கஞ்சிப் பத்தியம் வாய்வழியாகப் பரவுகிறது. முதல் நாள் வெறும் திரவம், அப்புறம் கூழ் என்று போகும். விரிந்த இரைப்பையை இது சுருக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. இரண்டு மூன்று கிலோ இறங்குவது பெரும்பாலும் நீர்தான். ஆறாவது நாள் அசுரப் பசி வரும், கூடவே குற்ற உணர்ச்சியும் வரும். ஏற்கெனவே சத்துக் குறைவாக இருக்கிறவர்களுக்கு இது கெடுதல்.

'மறுபடி ஒரு ஆபரேஷன் பண்ணிடலாம்' என்று உடனே குதிப்பதும் வேண்டாம். சிலருக்கு அது தேவைப்படலாம், மறுக்கவில்லை. ஆனால், இரண்டாவது ஆபரேஷனில் முதலாவதைவிடச் சிக்கல் அதிகம். 2024 ஏப்ரலில் நம்ம செங்கல்பட்டு மாவட்டத்துப் பம்மலில், எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போன ஓர் இளைஞர் இறந்துபோன செய்தியைப் படித்திருப்பீர்கள். ஆபரேஷன் என்றால் ஆபரேஷன்தான். தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா, அனுபவமுள்ள குழு இருக்கிறதா என்று விசாரிக்காமல் கையெழுத்துப் போடாதீங்க.

2025-ல் டிர்செபடைடு, செமாக்ளூடைடு என்று எடை குறைக்கும் வார ஊசிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு எடை ஏறியவர்களுக்கும் இந்த வகை மருந்துகளை டாக்டர்கள் பரிசீலிக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா போட்டுக்கொண்டார் என்று நீங்களும் போட்டுக்கொள்ளும் ஊசி இல்லை அது. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும், அதையும் தெரிந்துகொண்டே ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்று. தொடர்ந்து வாந்தி, கால் மரத்தல், தள்ளாட்டம், கண் இரட்டையாகத் தெரிவது... இதில் எது வந்தாலும் அடுத்த ரிவ்யூ வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

மாமியார், கணவர், அண்ணி, அம்மா, உங்களிடம்தான் பேசுகிறேன். நாம் செய்கிற அநியாயம் இரண்டு வகை. "ஒரு ஜாங்கிரிதானே, என் கையால கொடுக்கிறேன், வேண்டாம்னு சொல்லாதே" என்று ஊட்டுவோம். அடுத்த மாசமே "இவ்வளவு வெயிட் போட்டுட்டியே" என்று இடிப்போம். ஊட்டுவதும் நாம், இடிப்பதும் நாம்! வீட்டில் மிக்சர் டப்பாவும் கூல் டிரிங்க்ஸ் பாட்டிலும் இருந்தால் அது எல்லோருக்கும்தான் கெடுதல். வாங்குவதை நிறுத்தினால் வீடே இளைக்கும். ரிவ்யூவுக்குத் தனியாக அனுப்பாமல் கூடவே போங்க. அங்கே போய் டாக்டரிடம் கோள் சொல்லாமல் இருந்தால், அதுவே பெரிய உதவி.

"கொஞ்சம் கண்டிச்சாத்தானே வழிக்கு வருவாங்க?" என்று கேட்பீர்கள். நான் கண்டித்துப் பார்த்தவள். அவள் வழிக்கு வரவில்லை, கண்ணில் படாமல் போனாள். மிக்சர் டப்பாவைச் சமையலறை மேடையிலிருந்து படுக்கையறை அலமாரிக்கு மாற்றினாள், அவ்வளவுதான் மிச்சம்.

2024 ஜூனில் நானே அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காத்திருந்த நேரத்தில், "அன்னைக்குக் கார்ல அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடி" என்றேன். "விடுங்க அண்ணி" என்றாள். அப்புறம், "நீங்க சொன்னதை நான் தினமும் எனக்கே சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றாள்.

பி12 ஊசி போட்டார்கள், மாத்திரை மறுபடி ஆரம்பித்தது. நோட்டு எழுதுகிறாள். காபி இரண்டாகக் குறைந்திருக்கிறது. இப்போது எடை 84. மறுபடி 72-க்குப் போவாளா? டாக்டர் அப்படி எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. பாதத்தில் உணர்ச்சி திரும்பியிருக்கிறது. வலது கட்டை விரலில் மட்டும் இன்னும் கொஞ்சம் மரமரப்பு பாக்கி. போன மாதம் திருக்கழுக்குன்றம் மலை ஏறினோம். பாதிப் படியில் இரண்டு பேருமே உட்கார்ந்துவிட்டோம். எனக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கியது!

நீங்கள் ரிவ்யூவுக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது? பீரோவில் புடவைக்கு அடியில் அந்த ஆஸ்பத்திரி ஃபைல் இருக்கும். இன்றைக்கு ராத்திரி எடுத்து வெளியே வையுங்க. நாளைக் காலையில் ஒரு போன் போடுங்க. மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.